காளையின் காலும் கலர் டப்பாவும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "அண்ணாச்சி, இந்த வருசம் நீங்கதான் பேசணும். எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க. ஆனா அரை மணிக்கூறுக்கு மேல போவக் கூடாது, சாப்பாடு ஆறிப் போவும்" என்றார். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று ஒரு மாட்டு டாக்டரிடம் சொன்னால் அவன் மாட்டைப் பற்றித்தான் பேசுவான். 1972இல் இங்கே பி.யு.சி. படித்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் பாங்க் மேனேஜர் ஆனார்கள், என்ஜினியர் ஆனார்கள். அவர்கள் பைலைப் பிடித்தார்கள், நான் வாலைப் பிடித்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆகவே இன்று நான் பேசப்போவது மாட்டின் கால் முடியைப் பற்றி. சிரிக்காதீர்கள். இந்த உலகத்தில் மாட்டின் கால் முடியைச் சீவுவதற்கும், நிமிர்த்துவதற்கும், அதற்குப் பொருத்தமாகச் சாயம் அடிப்பதற்கும் தனியாக ஒரு கலையே இருக்கிறது. தனிச் சீப்பு, தனிக் கத்தரி, தனிப் பசை, தனிச் சாயம் எல்லாம் கடையில் கிடைக்கிறது. அமெரிக்காவில்தான்.

அங்கே ஒவ்வொரு மாநிலத்திலும் ஆண்டுதோறும் கால்நடைக் கண்காட்சி நடக்கும். நம் ஊர்த் திருவிழா மாதிரி கூட்டம் சேரும். பள்ளிப் பிள்ளைகள் ஒரு கன்றை வாங்கி வளர்த்து, காயடித்த எருதாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நடுவர் முன்னால் நிறுத்துவார்கள். பரிசு பெற்ற எருது பெரும் விலைக்கு ஏலம் போகும். நடுவர் என்ன பார்க்கிறார்? சதை, முதுகு நேர், நடை, அதோடு கால். எலும்பு கனமாக இருக்கிறதா, பின்னங்கால் அதிகம் வளையாமலும் கம்பு போல நேராக நின்றுவிடாமலும் இருக்கிறதா என்று பார்ப்பார். அங்கேதான் முடிக்கு வேலை வருகிறது.

வேலை இப்படி. முதலில் மாட்டைக் குளிப்பாட்டி, காற்றடிக்கும் மெஷினால் முடியை மேல்நோக்கி உலர்த்துவார்கள். பிறகு காலில் பசை ஸ்பிரே அடித்து, சீப்பால் முடியை மேலே, வெளியே என்று இழுத்து நிமிர்த்துவார்கள். பசை காய்ந்தால் முடி அப்படியே நிற்கும். இப்போது இரண்டு விரல் கனமுள்ள இடம் மூன்று விரல் கனமாகத் தெரியும். அடுத்து மெஷின் கத்தரியால், தச்சன் இழைப்புளி போடுவது மாதிரி, அந்த முடியைச் செதுக்குவார்கள். வளைவு அதிகமுள்ள காலில் ஓரிடத்தில் முடியை விட்டு ஓரிடத்தில் எடுத்தால் வளைவு குறைந்ததாகத் தோன்றும். வெட்டிய இடத்தில் முடியின் நிறம் வெளிறித் தெரியும் அல்லவா? அதற்குத்தான் கடைசியாகக் கலர் டப்பா. கறுப்பு மாட்டுக்குக் கறுப்பு, சிவப்புக்குச் சிவப்பு, வெள்ளைக்கு வெள்ளை. உடம்பு நிறத்தோடு கால் நிறம் பொருந்தும்வரை அடிப்பார்கள். கண்காட்சி முடிந்ததும் எண்ணெய் கலந்த மருந்து போட்டுப் பசையைக் கரைத்து, மாட்டை மறுபடியும் குளிப்பாட்டுவார்கள்.

அந்த முடியை வளர்ப்பதும் சும்மா இல்லை. குளிர்நாட்டு மாட்டுக்குப் பனிக்காலத்தில் ரோமம் அடர்ந்து வளரும். பகல் நீள நீள உதிரும். கோடையில் கண்காட்சி என்றால் என்ன செய்வது? மாட்டைக் குளிரூட்டிய இருட்டு அறையில் நிறுத்தி, தினமும் தண்ணீர் ஊற்றி, விசிறி போட்டு, மணிக்கணக்காகச் சீவிவிடுவார்கள். மாடு பனிக்காலம் என்று நம்பி முடியை வைத்துக்கொள்ளும். நடுவர் ஏமாறுவது இருக்கட்டும், முதலில் ஏமாறுவது மாடு!

நம் நாட்டு மாட்டுக்கு இந்த வித்தை பலிக்காது. திமில் உள்ள நம் இனங்களுக்கு முடி குட்டை, வழுவழுப்பு. வேர்வைச் சுரப்பி நன்றாக வேலை செய்யும். வெயிலுக்கு இயற்கை கொடுத்த சட்டை அது. அமெரிக்கத் தீவுகளில் வளரும் செனபோல் என்ற இனத்துக்குத் திமில் இல்லை. ஆனாலும் முடி குட்டை. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2014இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். வெயில் நாடுகளின் கறவை மாட்டில் அந்தக் குணத்தை ஏற்ற முயற்சி நடக்கிறது. ஒரு பக்கம் முடி வேண்டும் என்று ஏ.சி. போடுகிறார்கள், மறுபக்கம் முடி வேண்டாம் என்று மரபணு தேடுகிறார்கள். உலகம் இப்படித்தான் இருக்கிறது.

"அவனுக்குக் காசு கிடக்கு, செய்கான். நமக்கென்ன டாக்டரே?" என்று கேட்பீர்கள். நமக்கும் உண்டு.

இங்கே இருக்கிற மாணவர்கள் ஏர் பூட்டியதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நாஞ்சில் நாட்டில் டிராக்டர் வருமுன் கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு பூவுக்கும் உழவு, மரமடி எல்லாம் காளைதான். காளை வாங்குகிறவர் ஒற்றை மாடாக யோசிக்க மாட்டார், ஜோடியாகத்தான் யோசிப்பார். உயரம் ஒக்க வேண்டும், நடை ஒக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் போதும், நுகம் சாயாது, சால் கோணாது. ஆனால் மனிதர் கண் அதோடு நிற்காது. கொம்பு ஒக்கணும், நிறம் ஒக்கணும். மயிலைக்கு மயிலை, செவலைக்குச் செவலை. நிறம் ஒத்த ஜோடி தெருவில் நடந்தால் வீட்டுக்குக் கௌரவம். ஆகவே சந்தையில் நிறத்துக்கும் விலை உண்டு. நிறத்துக்கு விலை வந்த இடத்தில் சாயமும் வந்துவிடும்.

1980களின் தொடக்கத்தில் நம் மாவட்டத்தில் ஒரு கிராமத்து மாட்டாஸ்பத்திரியில் நான் வேலை பார்த்தேன். ஒரு பெரியவர் காளையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாட்டத்துக்கு வயல் செய்கிறவர். "டாக்டரே, காலு வெளுக்கு. வெண்குட்டமா, சொறியான்னு பாரும்" என்றார். மழை பெய்து வயலில் தண்ணீர் கட்டி, மூன்று நாள் உழுதிருக்கிறார். நான் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் முழங்காலுக்குக் கீழே துடைத்தேன். பஞ்சு கறுத்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் கறுத்தது. பெரியவர் பஞ்சைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

வெளியூர்ச் சந்தையில் வாங்கிய ஜோடி. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசியது. இரண்டு மாட்டுக்கும் காலில் ஒரே மாதிரி கறுப்பு இருந்ததால், "ஒரு தாய் வயித்துப் பிள்ளை மாதிரி கிடக்குவே" என்று தரகர் சொல்லியிருக்கிறார். இவரும் அதற்கென்று கூடுதல் கொடுத்திருக்கிறார். நிறம் போனது பெரிய நட்டம் இல்லை. ஆனால் சாயம் போன இடத்தில் முழங்காலில் ஒரு பழைய தழும்பு தெரிந்தது. எப்போதோ பலமாக அடிபட்ட மூட்டு. காலைத் தூக்கி மடக்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் மடங்கவில்லை. உலர்ந்த தரையில் நாலு அடி நடத்திக் காட்டியபோது தெரியாத நொண்டல், சேற்றில் மூன்று நாள் இழுத்ததும் வெளியே வந்துவிட்டது.

"நெறம் போனாப் போட்டும் டாக்டரே. காலு போச்சுல்லா" என்றார்.

நான் வீக்கத்துக்கு மருந்து கொடுத்தேன். பழைய மூட்டுக்கு மருந்து இல்லை. அந்தப் பூவுக்கு அவர் ஏரை வாடகைக்குப் பிடித்து உழுதார், நாற்றும் பிந்தியது. அந்தக் காளையைப் பாதி விலைக்கும் கீழே மேற்கே போகிற வியாபாரிக்குக் கொடுத்தார். மேற்கே போகிற நொண்டி மாடு எங்கே போகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டப்பாச் சாயத்தின் கணக்கு இவ்வளவு தூரம் போயிற்று.

இதைச் சொன்னால் சிலர், "அப்போ மாட்டை அலங்காரம் பண்ணுவதே தப்பா?" என்பார்கள். இல்லை. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பைச் சீவி வர்ணம் பூசுகிறோம். ஒரு கொம்புக்குப் பச்சை, ஒரு கொம்புக்குச் சிவப்புகூட உண்டு. கொம்பு நுனியில் பித்தளைக் குப்பி, கழுத்தில் சலங்கை, தோவாளைப் பூமாலை. வைக்கோல் பிரியால் தேய்த்துக் குளத்தில் குளிப்பாட்டினால் மாடு பளபளக்கிறது. இதில் யாரும் ஏமாறுவதில்லை. பச்சைக் கொம்போடு எந்த மாடும் பிறப்பதில்லை என்று மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். பழைய திருவிதாங்கூர்க்காரர்களான நமக்குக் கதகளி புதிதல்ல. பச்சை வேஷக்காரர் முகத்தில் பச்சை பூசி வருகிறார். மனிதன் முகம் பச்சையாக இருக்காது என்பதாலேயே அது வேஷம் என்று நமக்குத் தெரிகிறது, அதை ரசிக்கிறோம். அதே நடிகர், வேறொரு மனிதரின் முகம் மாதிரியே தன் முகத்தை ஒப்பனை செய்துகொண்டு பாங்க் கவுண்டரில் போய் நின்றால் அதற்குப் பெயர் வேறு.

என் சர்வீஸ் முழுவதும் நான் கண்டது இதுதான்: மாட்டின் நிறத்தோடு பொருந்தாத வர்ணம் அலங்காரம். பொருந்தும் வர்ணம் ஏமாற்று. எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறதோ அவ்வளவுக்கு ஏமாற்றும் கூடும். ஏனென்றால் அலங்காரம் பார்க்கிறவன் கண்ணில் பட வேண்டும் என்று செய்வது. சாயப் பொருத்தம் கண்ணில் படக்கூடாது என்று செய்வது.

காலில் பூசுகிற சின்னச் சாயம்தானே, அதற்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். அமெரிக்காவில் அது எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். 1972இல் டென்வர் நகரத்து தேசியக் கண்காட்சியில் 'பிக் மேக்' என்ற எருது முதல் பரிசு வாங்கியது. கறுப்பு ஆங்கஸ் இனம் என்று கொண்டுவந்திருந்தார்கள். பிறகு தெரிந்தது, அது வெளிர்நிறச் சாரொலே எருது; உடம்பு முழுக்கக் கறுப்புச் சாயம். பட்டம் பறிபோனது. காலில் தொடங்கிய கறுப்பு உடம்பெல்லாம் ஏறிவிட்டது! 1994இல் ஓஹியோ மாநிலக் கண்காட்சியில் பரிசு பெற்ற எருதுகளின் தோலுக்கு அடியில் எண்ணெய் ஏற்றிச் சதை மாதிரிக் காட்டியது வெளிவந்தது. வெளியே பூசியது போதாமல் உள்ளேயும் போய்விட்டார்கள்.

வளைகுடாவில் வேலை பார்த்து வந்த நண்பர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். சவூதியில் நடக்கும் ஒட்டக அழகுப் போட்டி உங்களுக்குத் தெரியும். 2018இல் உதட்டிலும் மூக்கிலும் போடாக்ஸ் ஊசி போட்ட 12 ஒட்டகங்களைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். 2021இல் இப்படிப்பட்ட காரணங்களுக்காக 40க்கு மேற்பட்டவை வெளியேறின. ஒட்டகத்துக்கு அழகு நிலையம் போக ஆசை வருமா? ஆசையெல்லாம் கயிற்றைப் பிடித்திருக்கிறவனுக்குத்தான்.

அமெரிக்கர்களும் சும்மா இருக்கவில்லை. கண்காட்சிகளுக்கென்று நடத்தை விதிகள் வகுத்தார்கள். டெக்சாஸில் சில பெரிய கண்காட்சிகளில் எருதின் முடியை ஒட்டக் கத்தரித்துக் கொண்டுவர வேண்டும்; முடியே இல்லையென்றால் எதை நிமிர்த்துவது? வேறு சில இடங்களில் குளிப்பாட்டலாம், உலர்த்தலாம், சீவலாம், பசையும் சாயமும் கூடாது. சந்தேகம் வந்தால் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்துவிடுவார்கள். நம் மாட்டாஸ்பத்திரிப் பஞ்சுதான், வேறொன்றுமில்லை.

நம் நாட்டிலும் சட்டம் வந்தது. 2017 மே மாதம் மத்திய அரசு கால்நடைச் சந்தை ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்பது பற்றிய பகுதியில் நாடெங்கும் சண்டை நடந்தது. கேரளத்தை ஒட்டிய நமக்கு அது நன்றாக நினைவிருக்கும். சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை கொடுத்தது. அந்த ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் ஆக்கியது. அந்தச் சண்டையில் யாரும் கவனிக்காத ஒரு பட்டியல் அந்த விதிகளில் இருந்தது. சந்தையில் செய்யக் கூடாதவை என்று அதில் கொம்பைச் சீவி வர்ணம் பூசுவது, மாட்டுக்கு அலங்காரப் பொருள் அணிவிப்பது, உடம்பில் ரசாயனமோ சாயமோ பூசுவது, கன்று குடிக்காதபடி பால்காம்பை ஒட்டி அடைப்பது எல்லாம் ஒரே வரிசையில் இருந்தன.

ஒரு கால்நடை மருத்துவனாக எனக்கு அதில் பாதி சந்தோஷம், பாதி வருத்தம். பால்காம்பை அடைத்தால் மடி கல்லாகி, மாடு நிற்க முடியாமல் துடிக்கும். அதைத் தடுத்தது சரி. தலைக்குப் போடுகிற கறுப்புச் சாயத்தில் பலருக்குத் தோலைப் புண்ணாக்கும் ரசாயனம் உண்டு. மாடோ காலை நக்குகிற பிராணி. அதைத் தடுத்ததும் சரி. கொம்பைச் சதை தெரியச் சீவினால் ரத்தம் வரும், வலிக்கும். அதுவும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழுத்து மாலையையும் காலில் பூசிய கறுப்பையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை. மாலை யாரை ஏமாற்றியது? சட்டம் எழுதுகிறவர்கள் ஒரு நாள் சந்தையில் நின்றிருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

இனி மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். சாயம் ஒரு பெரியவரின் ஒரு பூவைக் கெடுத்தது என்று சொன்னேன். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. மாட்டு இனங்களின் அடையாளமே பாதி முடியில்தான் எழுதியிருக்கிறது.

காங்கேயம் மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பேணி வளர்த்துப் பேர் வாங்கிக் கொடுத்த இனம். கன்று செம்பழுப்பாகப் பிறக்கும். ஆறு மாதம் ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறும். பொலிகாளைக்குத் திமிலிலும் முன் பின் சப்பைகளிலும் கறுப்பு ஏறும். காயடித்தால் அந்தக் கறுப்பு இல்லாமல் வெறும் சாம்பல் நிறமாக நிற்கும். பசுவுக்கு நாலு காலிலும் கணுக்கால் பக்கம் கறுப்பு அடையாளம் உண்டு, சிலவற்றுக்கு முழங்காலிலும் உண்டு. தஞ்சை, நாகைப் பக்கத்து உம்பளச்சேரி மாட்டுக்கு இதற்கு நேர் எதிர். அதன் காலில் கீழே வெள்ளை. காலுறை போட்ட மாதிரி இருக்கும். ஆகவே மாட்டின் கால் முடி என்பது அதன் பிறப்புச் சான்றிதழ். அதில் சாயம் பூசுகிறவன் சான்றிதழைத் திருத்துகிறான்.

திருத்தினால் என்ன ஆகும்? கண்ணபுரம் தேர்த்திருவிழாச் சந்தையிலோ, அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையிலோ ஒரு விவசாயி பொலிகாளை வாங்குகிறார் என்று வையுங்கள். பூசிய நிறம் மழைக்குப் போய்விடும். ஆனால் அந்த நிறத்தை நம்பி அவர் தன் பசுக்களுக்கு அந்தக் காளையைச் சேர்த்தால், பிறக்கும் கன்றுகளில் அதன் உண்மையான குணம்தான் வரும். கன்றுக்குச் சாயம் வராது. அடிபட்ட தழும்பும் கன்றுக்கு வராது. ஆனால் வளைந்த கால், பலமில்லாத கணு, கோணல் குளம்பு இவற்றில் பலவும் வம்சத்தில் இறங்கும். ஒரு மாட்டின் குறையை மறைத்தவன் ஒரு ஊர் மந்தைக்கே அந்தக் குறையைக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் என்ற இனங்களுக்கு அரசுப் பதிவேட்டில் பேர் இருக்கிறது. நம் வீட்டுத் தொழுத்துகளில் நின்ற குட்டை நாட்டு மாட்டுக்கு என்ன பேர்? ஒரு பேரும் இல்லை. நிறம் ஒரு சீராக இருக்காது, கண்காட்சியில் நிறுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஜெர்சிக் கலப்பு வந்ததும் அவை ஒதுங்கிவிட்டன. கேரளத்திலும் வெச்சூர்ப் பசுவுக்கு அதே கதிதான் வர இருந்தது. 1989இல் கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியை சோசம்மா ஐப் தம் மாணவர்களோடு ஊர் ஊராகத் தேடிப் போய்ச் சில மாடுகளைக் கண்டுபிடித்து மண்ணுத்தியில் வைத்துக் காப்பாற்றினார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த மாணவர்கள் உங்கள் வயதுப் பிள்ளைகள்தான். அவர்கள் தேடியது பளபளப்பான மாட்டை அல்ல. மாடு எப்படி இருக்கிறதோ அப்படியே பார்த்து எழுதினார்கள். நம் மாவட்டத்தில் மலையோரத்திலும் கடலோரத்திலும் இன்னும் மிஞ்சி நிற்கும் குட்டை மாடுகளை அப்படி ஒரு தடவை பார்த்து எழுத விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் ஏன் கிளம்பக் கூடாது? கால் நிறம், கொம்பு, உயரம், பால் அளவு எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொண்டுபோய்க் காட்டினால் வழிகாட்ட அங்கே ஆள் உண்டு.

மாடு வாங்குகிற வீட்டுப் பிள்ளைகளுக்கும், கால்நடை முகாமில் கிடாரிக் கன்றுக்குப் பரிசு வாங்க நினைக்கிற பிள்ளைகளுக்கும் என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை. மாட்டை முதலில் நிற்கவிட்டுப் பார்க்காதீர்கள், நடக்கவிட்டுப் பாருங்கள். கல்தரையில் ஒரு தடவை, மணலில் ஒரு தடவை, திருப்பத்தில் ஒரு தடவை. நொண்டல் திருப்பத்தில்தான் வெளியே வரும். நாலு காலையும் கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வீக்கமும் சூடும் கைக்குத் தெரியும். ஈரத்துண்டால் முழங்காலுக்குக் கீழே அழுத்தித் துடையுங்கள். நல்ல வியாபாரி அதற்குக் கோபிக்க மாட்டார். வயதுக்குப் பல்லைப் பாருங்கள். ஏறத்தாழ 2 வயதில் 2 நிலைப்பல், 4 முதல் 5 வயதுக்குள் எட்டும் முளைத்துவிடும். பசுவின் கொம்பில் ஈற்றுக்கு ஒரு வளையம் என்று கணக்குப் பார்ப்பார்கள். வழவழவென்று ராவிய கொம்பைக் கண்டால் எதற்கு ராவினார்கள் என்று கேளுங்கள். பரிசுக்கென்று கன்று வளர்க்கிறவர்கள் தினமும் குளிப்பாட்டுங்கள், சீவிவிடுங்கள், உண்ணி எடுங்கள், குடற்புழு மருந்து கொடுங்கள், பச்சைப் புல்லும் தாது உப்பும் போடுங்கள். மூன்று மாதத்தில் அதன் ரோமத்தில் வரும் மினுமினுப்பு எந்த டப்பாவிலும் கிடைக்காது. அந்த மினுமினுப்பு வயிற்றுக்குள்ளிருந்து வருவது.

கடைசியாக ஒரு பழைய கதை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் கொழுத்த மாடு, ஆடு வளர்ப்பது பெரிய மனிதர்களுக்குப் பைத்தியமாக இருந்தது. அவற்றைப் படம் எழுதி அச்சிட்டு ஊரெல்லாம் பரப்புவார்கள். அப்போது தாமஸ் பிவிக் என்ற மரச்செதுக்கு ஓவியர் இருந்தார். ஆட்டைப் பார்த்து உள்ளபடி எழுதிக் கொடுத்தார். இங்கே கொஞ்சம் கொழுப்பு, அங்கே கொஞ்சம் கொழுப்புச் சேர்த்து எழுதும்படி கேட்டார்கள். அங்கே இல்லாத கொழுப்பை நான் எழுத முடியாது என்று மறுத்துவிட்டதாக அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். எழுதிக் கொடுத்த ஓவியர்களுக்கு நிறைய வேலை கிடைத்தது. ஆனால் அன்றைய பிராணிகள் எப்படி இருந்தன என்று இன்று தெரிந்துகொள்ள நாம் பிவிக்கின் படத்தைத்தான் நம்பிப் பார்க்கிறோம்.

இங்கே படிக்கும் பிள்ளைகளில் சிலர் டாக்டர் ஆவீர்கள், சிலர் ஆடிட்டர் ஆவீர்கள், சிலர் என்ஜினியராகப் பாலத்துக்குச் சான்று கொடுப்பீர்கள். உங்கள் மேசைக்கும் சாயம் பூசிய காலோடு பல மாடுகள் வரும். பாலத்துக்குச் சிமெண்ட் பூச்சு, கணக்குக்கு இன்னொரு பூச்சு, எல்லாம் நிறம் பொருந்தித்தான் இருக்கும். பக்கத்தில் நிற்கிறவர், "ஒப்புப் போடுங்க சார், எல்லாம் சரியாத்தானே கிடக்கு" என்பார். அப்போது சட்டைப் பையில் ஒரு துண்டுப் பஞ்சு இருக்கட்டும். ஒரு தடவை துடைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் போடும் அந்தக் கையெழுத்தை நம்பி, உங்களுக்கு முகம் தெரியாத யாரோ ஒருவர் தம் வயலில் ஏரைப் பூட்டப் போகிறார்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்த பந்திக்கு இலை போட்டாயிற்று என்று வாசனையும் சொல்லுகிறது.